சுடவே இல்லையே தம்பி: மலேசிய அத்தையும் மூணு நாள் திருச்சியும்

1/
கொஞ்சம் பெரிய த்ரெட். டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

மலேசியாவில் இருந்து வந்த அத்தைக்கு மூணு நாள் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சுத்திக் காட்டினேன். எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம்னு ஜாலியா ஒரு பதிவு போடலாம்னு போன்ல குறிப்பெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். மூணாவது நாள் ராத்திரி நடந்த ஒரு விஷயத்தால இது வேற மாதிரி பதிவா ஆயிடுச்சு.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

2/
முதல்ல அத்தை யாருன்னு சொல்லிடறேன். அப்பாவோட பெரியப்பா மகள். வயசு 64. கிள்ளான்ல தமிழ்ப்பள்ளி ஆசிரியையா இருந்து ஓய்வு பெற்றவங்க.

அந்தப் பெரிய தாத்தாவுக்கு லால்குடி பக்கம் ஒரு கிராமம். 1937-ல், 17 வயசுல, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுற வேலை. பிறகு ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பி வரலை. கடிதம் மட்டும் வரும்.

அவருக்குக் கடல்ல பல நாள் ஆன பயணம். அவர் மகளுக்குக் கோலாலம்பூர்ல ஏறி திருச்சியில் இறங்க நாலு மணி நேரம்.

3/
திருச்சி ஏர்போர்ட்டுக்கு யாரையாவது கூப்பிடப் போனவங்களுக்குத் தெரியும். கோலாலம்பூர் விமானம் இறங்கினா வெளியே வரும் வண்டிகள்ல பெட்டிக்கு மேல ஒரு மைலோ டின் இருக்கும், பைக்குள்ள கோடாலித் தைலம் இருக்கும். 2024-ல் புது டெர்மினல் வந்து கட்டடம் மாறிப்போச்சு. டின் மாறலை. அத்தையும் மைலோவோடதான் வந்தாங்க.

என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பசியாறிட்டியா தம்பி?"

அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பேரே பசியாறல். நாம "டிபன்"னு ஆக்கிட்ட ஒரு வேளைக்கு அவங்க நல்ல தமிழ்ச் சொல்லைப் பத்திரமா வச்சிருக்காங்க.

4/
இந்த மூணு நாள் எனக்கு ஒரு கடன். ரெண்டு வருஷம் முன்னாடி நான் மலேசியா போனப்ப, அத்தைதான் என்னைக் கையைப் பிடிச்சு பினாங்கு வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க.

ஜார்ஜ் டவுன் நடந்தே பார்க்க வேண்டிய ஊர். மெலாக்காவோட சேர்த்து 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது. நம்ம ஊர் முஸ்லிம்கள் 1801-ல் எழுப்பிய கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல், சீனர்களோட குவான் யின் கோயில், 1833-ல் இருந்து இருக்கும் மகா மாரியம்மன் கோயில், 1818-ல் கட்டின செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் கொஞ்ச நடையில் வந்துடும். வெயில் அடிச்சா கடைகளுக்கு முன்னாடி இருக்கிற நடைபாதைக்குள்ள போயிடலாம். அதுக்கு அங்கத்திய தமிழ்ல "அஞ்சடி"ன்னு பேர். அஞ்சு அடி அகலம் விடணும்னு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமாம்.

5/
சாப்பாட்டில் அத்தை பாடமே நடத்தினாங்க, டீச்சர் இல்லையா.

நாசி கண்டார்: நாசின்னா சோறு. கண்டார்ங்கிறது தோள்ல ரெண்டு பக்கமும் பாரம் தொங்கவிட்டுச் சுமக்கிற கம்பு. பினாங்குத் துறைமுகத்துக் கூலிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் அப்படிச் சுமந்து வந்து வித்த சோறும் குழம்பும்தான் இன்னைக்கு நாலு வகைக் குழம்பை மேல ஊத்தித் தர்ற பினாங்கு அடையாளம்.

ரொட்டி சானாய்: நம்ம பரோட்டாவோட தம்பி. சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு. எதுவும் வைக்காத வெறும் ரொட்டின்னா "ரொட்டி கோசோங்". கோசோங்னா சுழியம்.

சென்டோல்: துருவின ஐஸ், தேங்காய்ப் பால், பாண்டான் இலைச் சாறு சேர்த்த பச்சைப் புழு மாதிரி மாவு, மேல தென்னங் கருப்பட்டிப் பாகு. பினாங்கில் ஒரு சந்துக்குள்ள வரிசையில் நின்னு, நின்னபடியே குடிச்சோம். வெயிலுக்கு அமிர்தம்.

6/
அங்கே நான் கத்துக்கிட்ட மலாய் வார்த்தை ஒண்ணு: குராங் மானிஸ். இனிப்பு கம்மியா.

மாமாக் கடைக்குப் போனா அத்தை "தே தாரேக், குராங் மானிஸ்"னு கண்டிப்பா சொல்வாங்க. டீ வரும். பைக்குள்ள இருந்து மெட்ஃபார்மின் மாத்திரை வெளியே வரும். அரை மணி நேரத்தில் சென்டோல் கடையில் நின்னு "பாகு கொஞ்சம் சேர்த்து ஊத்து"ன்னு கேப்பாங்க.

"அத்தை..."ன்னு இழுத்தேன். "டீயில குறைச்சதை இதுல ஈடு கட்டுறேன் தம்பி"ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அவங்களுக்கு அப்பவே 16 வருஷமா சர்க்கரை நோய் இருந்தது. நான் ஒரு டாக்டர். சிரிச்சேன். இதை நினைவில் வச்சுக்கங்க.

7/
இப்ப என் முறை. ஏப்ரல் முதல் வாரம் மூணு நாள் லீவு போட்டேன்.

முதல் நாள் மலைக்கோட்டை. அத்தைக்கு பத்துமலை 272 படி ஏறின பெருமை. "இங்க எத்தனை?" "நானூத்துக்கு மேல." "அப்ப மெதுவா போவோம்."

பாதி வழியில் தாயுமானவர் சன்னதி. பிரசவ நேரத்தில் அம்மா காவிரி வெள்ளத்தைத் தாண்டி வர முடியாம தவிச்ச ஒரு பொண்ணுக்கு, ஈசனே தாய் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார்ங்கிறது கதை. சுகப்பிரசவம் ஆனா வாழைத்தார் கட்டுறது இங்கே வழக்கம். லேபர் வார்டு டியூட்டி பார்த்த எல்லாருக்கும் இந்தச் சாமி மேல தனிப் பாசம் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.

மேலே உச்சிப் பிள்ளையார். அங்கே நின்னா ஒரு பக்கம் ஊரு, இன்னொரு பக்கம் காவிரி, அதுக்கு அந்தாண்ட ஸ்ரீரங்கம் கோபுரங்கள். அத்தை ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துட்டு இருந்தாங்க.

8/
இறங்கி வந்து பெரிய கடைவீதி, தெப்பக்குளம், மெயின்கார்டு கேட். பழைய கோட்டையில் மிச்சம் இருக்கிற வாசல் இந்த மெயின்கார்டு கேட்தான். அதுக்குப் பக்கத்தில் மைக்கேல்ஸ் ஐஸ்கிரீம். திருச்சியில் படிச்ச யாருக்கும் அறிமுகம் தேவையில்லாத கடை. பாக்கெட்டில் சில்லறை மட்டும் இருந்த காலத்திலும் எங்களை ராஜா மாதிரி உக்கார வச்ச இடம்.

அத்தை ஒரு கப் முடிச்சிட்டு, "சென்டோல் அளவுக்கு இல்ல, ஆனா நல்லா இருக்கு லா"ன்னு மார்க் போட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் கடைவீதிக் கூட்டத்தில் ஒரு சின்ன விஷயம். வளையல் கடைப் பையன் பின்னாடியே ஓடி வந்து, "யம்மா, உங்க செருப்பு!"ன்னு ஒத்தைச் செருப்பை நீட்டினான். திரும்பிப் பார்த்தா அத்தை ஒரு காலில் செருப்பே இல்லாம பத்துப் பதினஞ்சு அடி நடந்து வந்திருக்காங்க.

"வயசாச்சு தம்பி, கழண்டதே தெரியல"ன்னாங்க. அப்பவும் சிரிச்சோம்.

9/
ரெண்டாம் நாள் திருவானைக்காவல். காலையில் பார்த்தசாரதி விலாஸ். 1940-கள்ல இருந்து நடக்கிற கடை. பழைய கட்டடம், பழைய மேசை, வாழையிலையில் நெய் ரோஸ்ட். உள்ளே நுழையும்போதே நெய் வாசம் சட்டையில ஒட்டிக்கும். அத்தை ரோஸ்ட்டை ஒடிச்சுச் சத்தம் கேட்டுப் பார்த்தாங்க. "எங்க ஊர்ல இதை 'தோசாய்'ம்பாங்க, சீனப் பிள்ளைங்ககூட கேட்டு வாங்கிச் சாப்பிடும்"னாங்க.

ஜம்புகேஸ்வரர் கோயில்ல உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டிக்கிட்டு, அம்பாளா பாவிச்சுக்கிட்டு வந்து சுவாமிக்குப் பூஜை பண்ணுவார். அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து நல்ல தூக்கம்.

சாயங்காலம் தள்ளுவண்டிக் கடையில் மிளகாய் பஜ்ஜி. ஒரு பாக்கெட் மணப்பாறை முறுக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின முறுக்கு அதுன்னு நான் பெருமையா சொல்ல, "பினாங்கு பஸ் ஸ்டாப்ல விக்கிற முறுக்குக்கு யார் குறியீடு குடுப்பா?"ன்னு கேட்டாங்க. பதில் இல்லை.

10/
மூணாம் நாள் ஸ்ரீரங்கம். இதுக்குத்தான் அத்தை வந்ததே. கிளம்பும்போதே மணி பத்தரை. பசியாறல் கொஞ்சம் பலமா ஆயிடுச்சு.

ராஜகோபுரத்துக்குக் கீழ ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அண்ணாந்து பார்த்தாங்க. "அப்பா இதை மொட்டைக் கோபுரம்னுதானே சொன்னாரு?"

அவர் சொன்னது சரிதான். 1937-ல் அவர் பார்த்துட்டுப் போனது பல நூறு வருஷமா அடித்தளத்தோட நின்னுபோன மொட்டைக் கோபுரம். 13 நிலை, 236 அடின்னு அது எழுந்து நின்னது 1987-ல். ஊரை விட்டுப் போனவருக்கு அது கடைசி வரை மொட்டையாவே இருந்திருக்கு.

11/
ரங்கா ரங்கா கோபுரத்துக்கிட்ட செருப்பை விட்டுட்டு உள்ளே போனோம்.

ஸ்ரீரங்கத்தைப் பத்தி எழுதினா முடியாது. 156 ஏக்கர், ஏழு திருச்சுற்று, 21 கோபுரம். வெளிச் சுற்றுகளில் வீடு, கடை, காய்கறி, ஸ்கூல் பஸ் எல்லாம் ஓடும். கோயிலுக்குள்ள ஒரு ஊர்.

அத்தைக்கு ரொம்பப் பிடிச்ச சேதி துலுக்க நாச்சியார். பெருமாள் மேல பக்தி வச்ச சுல்தான் மகளுக்கு இங்கே சன்னதி. அவங்க நினைவா பெருமாளுக்கே தினமும் ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். "பெருமாளுக்கே ரொட்டி சானாயா!"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க.

எனக்குப் பிடிச்ச இடம் தன்வந்திரி சன்னதி. இந்தக் கோயிலுக்குள்ள ஒரு ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை, இருந்திருக்கு. அழிஞ்சு கிடந்த அதைப் புதுப்பிச்சு தன்வந்திரியைப் பிரதிஷ்டை பண்ணின விவரம் 1493-ஆம் வருஷத்துக் கல்வெட்டில் இருக்கு. ஒரு அரசு டாக்டரா அங்கே நின்னு கும்பிடும்போது, அந்தக் காலத்து டியூட்டி டாக்டரும் நம்மள மாதிரிதானே அல்லாடியிருப்பார்னு தோணும்.

12/
வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் வெளியே வந்தப்ப மணி பன்னெண்டரை இருக்கும். வெயில்ல வெளிப் பிரகாரம் தகதகன்னு கிடந்தது. நடக்கிற வழியில் விரிப்பு போட்டிருந்தாங்க. எல்லாரும் அது மேலேயே ஓட்டமும் நடையுமா போய்ட்டிருந்தாங்க.

சேஷராயர் மண்டபம். முன்னங்காலைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகள், மேல வீரர்கள், கீழ வேட்டை மிருகங்கள். ஒவ்வொரு தூணும் ஒரே கல்.

அத்தை விரிப்பை விட்டு இறங்கி, குதிரைகளுக்கு நேர் எதிரே வெயில்ல கிடந்த கருங்கல் தளத்தில் போய் நின்னாங்க. ஆடாம அசையாம நின்னாங்க. பிறகு போனை எடுத்து, ஒவ்வொரு குதிரையா படம் பிடிச்சாங்க.

நான் பக்கத்தில் போய் நின்னேன். ரெண்டு நொடிகூடத் தாங்கலை. குதிச்சுக்கிட்டே நிழலுக்கு ஓடி வந்துட்டேன். "அத்தை, சுடுது, வாங்க!"

அங்கே இருந்தே சொன்னாங்க: "சுடவே இல்லையே தம்பி."

13/
மக்களே, இந்த இடத்தில் எனக்கு மணி அடிச்சிருக்கணும்.

ஒரு மனுஷி கொதிக்கிற கல்லு மேல ரெண்டு மூணு நிமிஷம் நிக்கிறாங்க, சுடலைன்னு சொல்றாங்க. மருத்துவம் படிச்ச நான் என்ன நினைச்சேன் தெரியுமா? "மலேசிய வெயில்ல பழகின காலு, நமக்குத்தான் சொகுசு கூடிப்போச்சு."

நிழல்ல உக்காந்து புளியோதரையும் அக்காரவடிசலும் சாப்பிட்டோம். அக்காரவடிசல்ல அரிசியைவிட பாலும் நெய்யும் வெல்லமும்தான் அதிகம். "இதுக்கு குராங் மானிஸ் கிடையாதா?"ன்னு கேட்டுட்டே ஒரு தொன்னையை முடிச்சாங்க. நல்ல நாள்னு நினைச்சுக்கிட்டு வீடு திரும்பினோம்.

14/
ராத்திரி ஒன்பதரை. அம்மா கூப்பிட்டாங்க. "டேய், அண்ணி நடக்கிற இடமெல்லாம் ஈரமா இருக்குடா. காலைக் கழுவிட்டுத் துடைக்காம வந்துட்டாங்களா?"

தரையைப் பார்த்தேன். ஒரு பாதத்தோட ஈரத் தடம், ஹால்ல இருந்து சாமி அறை வரைக்கும். தண்ணி இல்லை.

அத்தையை உக்கார வச்சு காலைத் தூக்கிப் பார்த்தேன். ரெண்டு உள்ளங்கால்லயும் கொப்புளம். வலது கால்ல விரல்களுக்குக் கீழே உள்ளங்கை அளவு கொப்புளம் உடைஞ்சு நீர் கசிஞ்சிட்டிருந்தது.

"வலிக்கலையா அத்தை?"

"என்ன ஆச்சு? ஏன் தம்பி இப்படிப் பாக்குற?"

அவங்களுக்குக் காயம் ஆனதே தெரியாது.

15/
சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டெஸ்ட் பண்ணினேன். கண்ணை மூடச் சொல்லி, ரெண்டு கால்லயும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனியை என் விரலால லேசா தொட்டேன். "தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க அத்தை."

மொத்தம் ஆறு இடம். அத்தை ஒரே ஒரு தடவைதான் "ம்" சொன்னாங்க.

முடிச்சதுக்கு அப்புறமும் கண்ணை மூடிட்டே, "ஆரம்பிச்சிட்டியா தம்பி?"ன்னு கேட்டாங்க.

அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் தரையிலேயே உக்காந்துட்டேன்.

16/
ஓ.பி.யில் தினமும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறேன். "செருப்பு கழண்டாலும் தெரியலைங்க சார்"னு ஒருத்தர் சொன்னா, அடுத்த நொடி "காலை மேல தூக்குங்கய்யா"ன்னு சொல்லியிருப்பேன். அது பாடப் புத்தகத்து அறிகுறி. வளையல் கடைப் பையன் கையில் கொண்டுவந்து கொடுத்த அறிகுறியைப் பார்த்து நான் சிரிச்சிட்டு வந்திருக்கேன்.

அத்தை எனக்கு நோயாளியா தெரியலை, விருந்தாளியா தெரிஞ்சாங்க. நம்ம வீட்டு ஆட்களோட காலை நாம பார்க்கிறதே இல்லை. டாக்டர் வீடானாலும் இதே கதைதான்.

17/
என்ன நடக்குதுன்னு எளிமையா சொல்றேன்.

சர்க்கரை பல வருஷம் கூடுதலாவே இருந்தா நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போறது. அதனால முதல் அடி விரல் நுனியில் விழும். அங்கிருந்து சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துற மாதிரி, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கும். சிலருக்கு ஒண்ணுமே இருக்காது, உணர்ச்சி மட்டும் போயிடும். வலி இல்லாததால யாரும் டாக்டர்கிட்ட வர மாட்டாங்க.

வெயில்ல காய்ஞ்ச கருங்கல் 60 டிகிரியைத் தொட்டா சில நொடியில் தோல் வெந்துடும். நமக்கு மூளை "ஓடு"ன்னு சொல்லும். நரம்பு செத்த காலுக்கு அந்தச் சேதி போகாது.

18/
இது நம்ம எல்லார் வீட்டுக் கதை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிக்கு மேல சர்க்கரை நோயாளிகள். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். மலேசியாவின் 2023 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 15.6 சதவீதம். அங்கே உள்ள இந்திய வம்சாவளியினர்கிட்ட மத்தவங்களைவிட அதிகம்.

சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது காலில் புண் வரும். கால் இழப்புல முடியிற பெரும்பாலான கதைகள் இந்த மாதிரி வலிக்காத ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்குது.

19/
அன்னைக்கு ராத்திரி என்ன செஞ்சோம்: சுத்தமான தண்ணியில் கழுவி, ஒட்டாத சுத்தமான துணியால் மூடினோம். உடையாத கொப்புளத்தை உடைக்கலை. மஞ்சள், மை, பற்பசை எதுவும் வைக்கலை. காலைத் தரையில் ஊன விடலை.

மறுநாள் காலையில் என் சீனியர் சர்ஜன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நான் எம்.பி.பி.எஸ்., இதை நானே பார்த்துக்கலாம்னு துணிய முடியாது. காலில் ரத்த ஓட்டம் நல்லா இருந்தது, அதுதான் எங்க அதிர்ஷ்டம். மூணு மாச சராசரி 9.8. டி.டி. ஊசி, தினம் டிரஸ்ஸிங், கொஞ்ச நாளைக்கு இன்சுலின், முழு ஓய்வு. விமான டிக்கெட்டைத் தள்ளிப் போட்டோம்.

இடது கால் ரெண்டு வாரத்தில் ஆறிடுச்சு. வலது காலுக்கு ஆறு வாரம் ஆச்சு.

20/
அந்த ஆறு வாரத்தில் தினமும் ராத்திரி டிரஸ்ஸிங் நான்தான் போட்டேன். அப்பதான் அத்தை பேசினாங்க.

"அங்க கிளினிக்ல வருஷா வருஷம் காலைக் காட்டச் சொல்வாங்க தம்பி. நான் ஷூவைக் கழட்ட மாட்டேன். நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மாத்திரை மட்டும் வாங்கிட்டு வந்துடுவேன்."

"ஏன் அத்தை?"

கொஞ்ச நேரம் பேசலை.

"எங்க அப்பாவுக்கு முதல்ல விரலை எடுத்தாங்க. அப்புறம் பாதம். அப்புறம் முட்டிக்குக் கீழ. ஆறு மாசத்துல போயிட்டாரு. ஊருக்குப் போகணும், ரெங்கநாதரைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு. கால் போனதும் அந்தப் பேச்சையே விட்டுட்டாரு. காலைக் காட்டினா எனக்கும் எடுத்துடுவாங்கன்னு பயம் தம்பி."

21/
டீச்சர் அவங்க. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் எடுத்தவங்க. விஷயம் தெரியாம இல்லை, பயத்தில் மறைச்சாங்க.

நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஓ.பி.யில் அவசரத்தில் நாங்க எத்தனை பேர், "இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டியதுதான்"னு மிரட்டுறோம்? நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் சொல்றோம். அதைக் கேட்டுட்டு எத்தனை பேர் அடுத்த தடவை செருப்பைக் கழட்டாமலே போயிருப்பாங்க?

இப்ப அந்த வாக்கியத்தை விட்டுட்டேன். "சீக்கிரம் பார்த்தா காலைக் காப்பாத்தலாம், காட்டுங்கம்மா"ன்னு சொல்றேன். காட்டுறாங்க.

22/
இன்னொண்ணும் சொன்னாங்க. வெயில்ல அவ்வளவு நேரம் நின்னதுக்குக் காரணம் அந்தக் குதிரைகள்.

"அப்பா சின்ன வயசுல வைகுண்ட ஏகாதசிக்கு வந்திருக்காரு. தோட்டத்து லயத்துல எங்களைத் தூங்க வைக்க இந்தக் குதிரைக் கதையைத்தான் சொல்வாரு. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் குதிரையெல்லாம் இறங்கி கொள்ளிடத்துல தண்ணி குடிச்சிட்டு வந்து நின்னுக்கும்பாரு. நான் எண்ணிப் பாத்துட்டு இருந்தேன் தம்பி, எல்லாம் வந்திருச்சான்னு."

23/
சரி, இப்ப நீங்க செய்ய வேண்டியது. சேமிச்சு வச்சுக்கங்க.

அ) மேலே நான் சொன்ன விரல் தொடுற சோதனையை இன்னைக்கே வீட்டில் பண்ணுங்க. கண் மூடியிருக்கணும். அழுத்தாம, தட்டாம, ஒண்ணு ரெண்டு நொடி லேசா தொடணும். ஆறில் ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். டாக்டரைப் பாருங்க.

ஆ) தினமும் ராத்திரி படுக்கும் முன்னாடி உள்ளங்கால், விரல் இடுக்கு பார்க்கணும். குனிய முடியாதவங்களுக்கு ஒரு கண்ணாடியைத் தரையில் வச்சா போதும். இல்லை, பேரப் பிள்ளைகிட்ட சொல்லுங்க, சந்தோஷமா பார்ப்பாங்க.

இ) வீட்டுக்குள்ளேயும் செருப்பு. பின்பக்கம் வார் வச்சதா இருந்தா நல்லது. போடும் முன்னாடி உள்ளே கல், ஆணி இருக்கான்னு கையால தடவிப் பாருங்க.

ஈ) சுடுதண்ணியில் கால் வைக்கிற வைத்தியம் வேண்டாம். சூடு தெரியாத கால் அங்கேயும் வெந்துடும்.

24/
உ) கோயில்: காலை 9 மணிக்குள்ள, இல்லைன்னா வெயில் தாழ்ந்த பிறகு போங்க. விரிப்பை விட்டு இறங்காதீங்க. தடிமனான பருத்தி சாக்ஸ் போட்டுக்கலாமான்னு கோயில்ல கேட்டுக்கங்க, பல இடத்தில் தடையில்லை. ஆனா சாக்ஸை நம்பி வெயில்ல நிக்கக் கூடாது. பேட்டரி கார், சக்கர நாற்காலி இருந்தா கூச்சப்படாம கேளுங்க. தர்கா, தேர்த் திருவிழா, பாதயாத்திரை எல்லாத்துக்கும் இதேதான்.

ஊ) சுட்ட உடனே தெரிஞ்சா ஓடும் குளிர்ந்த தண்ணியில் 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம். வலி இல்லைன்னாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

எ) அரசு ஆஸ்பத்திரிகளில் சர்க்கரை நோயாளிகளோட கால் பரிசோதனைக்குன்னே "பாதம் பாதுகாப்போம்" திட்டம் இருக்கு. கேட்டு வாங்குங்க. உங்க உரிமை அது.

25/
சாப்பாடு? ஊர் சுத்தும்போது ஒண்ணுமே சாப்பிடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நெய் ரோஸ்ட்டும் சென்டோலும் அக்காரவடிசலும் நம்ம ஆட்கள் எங்கெங்கே போனாங்கங்கிற கதை.

ஒரு கப் வாங்கி மூணு பேர் பகிர்ந்துக்கங்க. இனிப்பு சாப்பிட்ட நாள்ல சோத்தையும் தோசையையும் குறைங்க. டீயில் குறைச்சிட்டு பாகில் ஈடு கட்டாதீங்க. மாத்திரையை விடாதீங்க.

ஒரு நாள் சென்டோலால அத்தைக்கு நரம்பு போகலை. பல வருஷம் கட்டுப்பாடில்லாத சர்க்கரை, காட்டாம மறைச்ச கால், பார்த்தும் கேக்காத என்னை மாதிரி சொந்தக்காரங்க, எல்லாம் சேர்ந்துதான்.

26/
ஊருக்குக் கிளம்ப ரெண்டு நாள் முன்னாடி, புண் நல்லா ஆறினதும் சர்ஜன் சரின்னார். காலை ஆறரைக்கு ஸ்ரீரங்கம் போனோம். புது சாக்ஸ், சக்கர நாற்காலி. கல்லு சில்லுன்னு இருந்தது.

குதிரைகளுக்கு எதிரே நிறுத்தினேன். அத்தை விரல் நீட்டி எண்ணினாங்க.

"எல்லாம் வந்திருச்சா அத்தை?"

"வந்திருச்சு தம்பி."

வெளியே வந்து ஒரு காபிக் கடை. பழக்க தோஷத்தில் மாஸ்டர்கிட்ட "குராங் மானிஸ்"னாங்க. அவர் முழிச்சார். "சக்கரை இல்லாம ஒண்ணுண்ணே"ன்னு நான் சொன்னேன். "கோசோங்"னு அத்தை திருத்தினாங்க. டீச்சர்.

27/
இப்ப கிள்ளான்ல இருந்து தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருது. ரெண்டு உள்ளங்கால். கீழே "பசியாறிட்டியா?"ன்னு ஒரு வரி. பேத்திதான் படம் எடுக்குது.

இதைப் படிச்சு முடிச்சதும் போனைக் கீழ வச்சிட்டு, உங்க அம்மாவோ அப்பாவோ மாமியாரோ, அவங்க காலை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. ரெண்டு நிமிஷம் ஆகும்.

பார்த்துட்டு வந்து கமென்ட்ல "பார்த்தாச்சு"ன்னு ஒரு வார்த்தை போடுங்க. எனக்கு அது போதும்.


ஒரு அரசு மருத்துவர்,
திருச்சி.